டர்போ காருக்கு எந்த ஆயில்?

கோவையில் எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் பொறியியல் மாணவர்கள் பலரிடம் டர்போ கார் இருக்கிறது. ஆயில் வாங்கி வரச் சொன்னால், அப்பா தம் அம்பாசிடருக்கு ஊற்றிய 20டபிள்யூ-50ஐ அவர் பேச்சைத் தட்ட முடியாமல் ஒருவர் கொண்டுவருகிறார். பந்தயக் கொடி அச்சிட்ட டப்பாவில் 10டபிள்யூ-60 கொண்டுவருகிறார் இன்னொருவர். காரோடு வந்த கையேட்டை இருவருமே திறக்கவில்லை.

அப்பாவின் ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டர்போவின் சூட்டில் மினரல் ஆயில் கருகிக் கரி பிடிக்கும், சிந்தெடிக்தான் வேண்டும். எந்த சிந்தெடிக் என்பதைக் கையேடு சொல்லும். ஃபோக்ஸ்வாகன் காருக்கு 502 00 என்று கேட்டிருந்தால், அந்த எண் டப்பாவின் பின்புறம் இருக்க வேண்டும். 'பொருந்தும்' என்று ஆயில் கம்பெனி போட்டுக்கொள்வது வேறு, கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் தந்தது வேறு.

என் கவலையெல்லாம் 10டபிள்யூ-60 பற்றித்தான். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 10டபிள்யூ-60 சேர்ந்த 60 கிரேடுக்கு 21.9 முதல் 26.1. ஏறத்தாழ இரு மடங்கு கெட்டி. நுண்ணிய இடைவெளி விட்ட பேரிங்குகளுக்குள் அது மெதுவாகத்தான் நுழையும். மீட்டரில் பிரஷர் ஏறி நிற்பதைக் கண்டு பையன்கள் மகிழ்கிறார்கள். ஏறியது அழுத்தம், ஓட்டம் அல்ல. ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலில் ஒரு பங்கு பேரிங்கை எட்டாமலே திரும்பிவிடும். கெட்டி ஆயிலைத் தள்ளுவதிலேயே எஞ்சினின் சக்தி கரைகிறது, ஆயிலும் கூடுதலாகச் சூடாகிறது. பிஎம்டபிள்யூவின் இ46 எம்3க்கு அந்த கிரேடைக் கம்பெனியே கேட்டது உண்மைதான். நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை போகும் அந்த எஞ்சினுக்கென்று முடிவு செய்தது அது. உங்கள் ஒரு லிட்டர் டர்போவுக்கு அதில் என்ன வேலை? பந்தயத்துக்கென்றே செய்த ஆயிலில் பாஸ்பரஸ் அதிகம் இருக்கும்; அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அழுக்கைக் கழுவும் சேர்மானமோ குறைவு, ஏனென்றால் பந்தயக்காரர்கள் சீக்கிரமே வடித்துவிடுவார்கள். நீங்கள் மாதக்கணக்கில் ஓட்டப்போகிறீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் காசு பிரேக் ஆயிலுக்கு. கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓடிவிட்டு வரும் கார்களைப் பார்த்துப் பார்த்து வந்த சார்பு இது, மறைக்கவில்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் வரம்பு 155 மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரையைத் தொடும். டிராக்குக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை. டாட் 4உடன் கலக்கவே கூடாது. கியர் ஆயிலில் ஜிஎல்-4 கேட்ட பெட்டிக்கு ஜிஎல்-5 வேண்டாம், பித்தளை சிங்க்ரோ வளையங்கள் அரிபடலாம். கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள்.

வேகத்தில் ஆசை உள்ள எல்லோருக்கும் எஞ்சின் வேலை கைவருவதில்லை. சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பவர், வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பவர், காத்திருக்கத் தெரிந்தவர், இவர்களுக்குத்தான் வரும். உங்களுக்கு அந்தப் பொறுமை உண்டா என்று காலையில் காரைக் கிளப்பும்போதே பார்த்துவிடலாம். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆயில் பிந்தித்தான் சூடாகும். அதுவரை 3,000 சுழற்சியைத் தாண்டாமல் ஓட்டுங்கள்.