தாத்தா ரைபிளும் தப்புக் கணக்குகளும்

பெங்களூருவில் வேட்டைத் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் வந்து உட்கார்ந்துவிடுவார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர். யானையையே சாய்க்கும் ராட்சத இரட்டைக்குழலோடு திரிந்தார் என்று பலர் நம்புகிறார்கள். அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது .405 வின்செஸ்டர், 1895 மாடல். லண்டன் கம்பெனிகள் ஆளுக்கு அளவெடுத்துச் செய்துகொடுத்த ஜமீன் சாமான் இல்லை, அமெரிக்கத் தொழிற்சாலைச் சரக்கு. விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அவ்வளவுதான்.

“பெரிய போர் (குழல் விட்டம்) என்றால் தடை, சின்னது என்றால் பரவாயில்லை” என்பது அடுத்த நம்பிக்கை. அப்படியானால் .303 தடைப்பட்டியலில் இருக்க, அதைவிடச் சற்றுப் பெரிய .315 எப்படி லைசென்ஸில் கிடைக்கிறது? ராணுவத் தோட்டா அதில் நுழையுமா என்பதே இங்கே முதல் கேள்வி. வெள்ளைக்காரன் காலத்துச் சந்தேகம் இது. .450 அளவுள்ள மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் கலகக்காரர் கையில் இருக்க, அவற்றுக்குத் தோட்டா போய்ச் சேரக்கூடாது என்று 1907 வாக்கில் .450 ரைபிள்களை இந்தியாவுக்குள் விடாமல் நிறுத்தினார்கள். துப்பாக்கிக் கம்பெனிகள் சளைத்தனவா? .465, .470 என்று இன்னும் பெரிதாகச் செய்து அனுப்பின.

இன்று இந்த ஊரில் பெரிய ரைபிள் ஒருவர் கைக்கு வருவது பெரும்பாலும் பரம்பரை வழியில்தான். தனியார் இறக்குமதி 1980-களிலேயே ஏறக்குறைய நின்றுபோனது. “தாத்தாவுடையது, சுவரில் மாட்டியிருக்கிறோம், பழம்பொருளுக்கு லைசென்ஸ் எதற்கு?” என்பார்கள். பழசாக இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் 1959 ஆயுதச் சட்டம் விட்டுவிடும். தாத்தா எண்ணெய் போட்டு ஒழுங்காக வைத்திருந்தால் பேரனுக்கு அதுவே வினை. தாத்தா காலமானதும் ரைபிளைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு மனுப் போட வேண்டும். தாத்தா உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயதானாலோ துப்பாக்கி 25 வருடம் அவரிடம் இருந்தாலோ, மாற்றித்தரக் கேட்கவும் விதி இருக்கிறது. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டே துப்பாக்கி. பரம்பரைச் சொத்து என்றாலும் கணக்கு அதேதான்.

“என் துப்பாக்கி, என் இஷ்டம்போல் மாற்றிக்கொள்வேன்” என்பதுதான் ஆபத்தான நம்பிக்கை. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு மெக்கானிக் தேடுகிறவர்களைச் சொல்கிறேன். குழலை வெட்டிக் குட்டையாக்க அதற்கென்றே தனி லைசென்ஸ் வேண்டும். உருமாற்றுவதும் பழுதுபார்ப்பதும் லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வேலை; பைக் ஷெட்டில் கொடுக்கும் வேலை இல்லை. குழலுக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று நம்பரைத் தேய்த்துவிட்டால் அது தனிக் குற்றம். சைலன்சரைச் சட்டம் வெறும் உதிரிப்பாகமாகப் பார்ப்பதில்லை. சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் கருவியும் ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது!

இத்தனையும் செய்து எதைச் சுடப் போகிறார்கள்? 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று இல்லை. ஆட்கொல்லி என்றாலும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். ஊருக்குள் சிறுத்தை வந்தால் வனத்துறை கொண்டுவருவது மயக்க ஊசியும் கூண்டும்.

“குடகில் காபி எஸ்டேட் வாங்கினால் லைசென்ஸே வேண்டாமாமே?” என்று கேட்கிற ஐ.டி. நண்பர்களும் உண்டு. அந்த விலக்கு கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் உரியது. கைல்போள்து பண்டிகையில் ஆயுதத்துக்குப் பூ வைத்து வணங்குகிற சமூகம் அது. 2019-ல் மத்திய அரசு அந்த விலக்கைப் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. காபித் தோட்டத்துக் கிரயப் பத்திரத்தைக் காட்டி அதைக் கேட்க முடியாது. விலக்கு உள்ளவர்களுக்கும் அது துப்பாக்கி வைத்துக்கொள்ள மட்டும்தான். தோட்டத்தில் நுழையும் மானைச் சுட்டால் வழக்கு அவர்கள் மீதும் பாயும்.