அப்பாவோட பழைய பைக்கை வீட்டிலேயே சரிசெய்றீங்களா? ஸ்பேனருக்கு முன்னாடி பேனாவை எடுங்க!

அப்பா ஓட்டின ஆர்.எக்ஸ். 100 வீட்டோரமா நிக்குதா? இன்ஜினைக் கழற்றும் முன் இந்த 5 விஷயத்தைப் பாருங்க.

1. ஆர்.சி. புக்: சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இது சரியில்லன்னா, இன்ஜின் எவ்வளவு நல்லா ஓடினாலும் ரோட்டுல எடுக்க முடியாது.

2. வேலையைப் பிரிங்க: கார்புரேட்டர் சுத்தம், பிளக், பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட் எல்லாம் வீட்டிலேயே முடியும். சிலிண்டர் போர், கிராங்க் வேலை லேத்துக்குத்தான் போகணும். அங்க கூலியை மிச்சம் பிடிக்காதீங்க.

3. பிஸ்டன்: முதல்ல சிலிண்டர் தேய்மானத்தை அளக்கச் சொல்லுங்க. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படியில வரும். தேவையான சைஸை வாங்கிக் கொடுத்து, அதுக்கேத்த மாதிரி போர் போடணும். தேவைக்கு மேல பெரிய சைஸ் போட்டா, அடுத்த முறைக்கு சிலிண்டர்ல இடம் இருக்காது. முதலையே எடுத்துச் சாப்பிடுற கதைதான்.

4. பட்ஜெட்: உதிரிபாகம், லேத் கூலி, டூல்ஸ், ஆர்.டி.ஓ. கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டி, மேல 25% சேர்த்து வரம்பு வைங்க. "ஏற்கெனவே 20,000 போட்டாச்சே"ன்னு அடுத்த 10,000-ஐப் போடாதீங்க. அந்த 10,000-க்கு என்ன கிடைக்கும்னு மட்டும் பாருங்க.

5. வரி: சொந்த உபயோக பைக்கை லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது, நஷ்டத்தையும் காட்ட முடியாது. வாங்கி, சரிபண்ணி விக்கிறதே தொழில்னா, அது வியாபார வருமானம். வரிக் கணக்குல காட்டணும்.

அப்பா வண்டிக்கு விலை போட முடியாதுதான். செலவுக்கு வரம்பு போட முடியும். அதை இன்னைக்கே எழுதி வைங்க.