பழைய சாமானிலிருந்து புதிய பரிசு

(குடும்பத்தாருக்கு ஒரு பாடம்)



திருநாள் காலம் நெருங்குகிறதென்றால் வீட்டில் இரண்டு கவலைகள் ஒன்றாக வந்து சேருகின்றன. யார் யாருக்கு என்ன பரிசு கொடுப்பது, அதற்குப் பணத்துக்கு எங்கே போவது என்பது ஒன்று. வீட்டைச் சுத்தம் செய்யவேண்டுமே, பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கிற பழைய சாமான்களை என்ன செய்வது என்பது மற்றொன்று. இவ்விரண்டு கவலைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், முதலாவதற்கு இரண்டாவதே பாதி விடை சொல்லிவிடும். எப்படியென்பதே இன்றைய பாடம்.

ஒரு சேலையின் கதை

முதலில் ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். வயது முதிர்ந்த தாய் ஒருத்தி இறந்துபோனாள். அவள் விட்டுச் சென்றவற்றில் ஒரு சுங்குடிச் சேலையும் இருந்தது. விலையுயர்ந்ததல்ல, பருத்திச் சேலைதான். ஆனால் அவள் ஞாயிறுதோறும் உடுத்தியது அது. "கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான்; சேலை எனக்கே" என்றாள் மூத்த மகள். "அம்மா எனக்குத் தருவதாக வாயால் சொன்னாள்" என்றாள் இளையவள். சேலை மூத்தவளின் பெட்டிக்குள் போயிற்று. அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

மூன்றாம் வருஷம் வீட்டைச் சுத்தம் செய்கையில் சேலையை எடுத்துப் பார்த்தால், மடித்த இடமெல்லாம் நைந்து, ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பாத்திரக்காரர் குரல் கேட்டது. விஷயம் அறியாத மருமகள், "அத்தை, கிழிந்த சேலைதானே, போட்டால் ஒரு டம்ளராவது கிடைக்கும்" என்றாள். மூத்தவள் அப்படியே திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஒரு டம்ளருக்காகவா தங்கையை இரண்டு வருஷம் இழந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலையே சேலையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே தங்கையின் மகள் முதற்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தங்கை சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை வெட்டவேண்டாம். நாலாக மடித்துத் தைத்துவிடுவோம்" என்றாள். இருவரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, மத்தியான வேளைகளில் தைத்தார்கள். பிறந்த குழந்தை அந்த மெத்தை விரிப்பில்தான் முதலில் படுத்தது. சேலை யாருடையது என்ற கேள்வி அதன்பின் அந்த வீட்டில் எழவில்லை.

இக்கதையிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் பூட்டி வைத்ததனால் சேலை பத்திரமாகவும் இருக்கவில்லை, யாருக்கும் பிரயோஜனப்படவும் இல்லை. ஞாபகப் பொருளைக் கையால் தொட்டு வேறு உருவாக்குவது அவமரியாதை என்று நாம் நினைக்கிறோம். மடிப்பிலேயே நைந்துபோக விடுவதுதான் பெரிய அவமரியாதை.

இது புதிய நாகரிகமல்ல

பழையதைப் புதிதாக்கும் வேலை இன்று கடைகளிலும் கைபேசிப் படங்களிலும் புதிய நாகரிகமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் இது நம் பாட்டிமார் செய்த வேலையே. கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகி அகப்பை செய்தார்கள். பழஞ்சேலையில் தூளி கட்டினார்கள். ஓட்டை விழுந்த முறத்தைக் காகிதமும் வெந்தயமும் அரைத்த கூழால் மெழுகி, மறுபடியும் புடைக்க எடுத்தார்கள்.

வங்காளத்துப் பெண்கள் உடுத்திப் பழகிய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி வைத்துத் தைக்கும் 'காந்தா' என்ற விரிப்பு உலகப் புகழ்பெற்றது. பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே அதற்குத் தையல் நூலாக உபயோகித்தார்கள். புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக் கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் இருந்தார். புதிய நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களிலிருந்து உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு முதலியவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். 1957-ஆம் வருஷம் தொடங்கி, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு காட்டுப் பகுதியில் அவற்றால் உருவங்கள் செய்து வந்தார். பின்பு அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அதை இடித்துவிடாமல், 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவர் 2015-இல் காலமானார். அவருடைய பாறைத் தோட்டத்தை இன்றும் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். குப்பை என்று நாம் சொல்வதில் பாதி, நம் பார்வையின் குறையே.

வீட்டில் செய்யத் தக்க மூன்று வேலைகள்

1. சேலை விரிப்பு. குழந்தை பிறந்த வீட்டுக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. பலமுறை துவைத்த பருத்திச் சேலையே வேண்டும். நைலான் வகை வியர்வையை உறிஞ்சாது. ஐந்தரை மீட்டர்ச் சேலையை வெட்டாமல் நாலாக மடித்தால், சுமார் 3 முழ நீளமும் இரண்டரை முழ அகலமுமுள்ள நாலடுக்கு விரிப்பு கிடைக்கும். நைந்த பாகம் உள்மடிப்பில் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் விரித்துச் சுருக்கமில்லாமல் நீவி, முதலில் ஒரு சாண் இடைவெளியில் பெரிய இழைகளாக ஓட்டி அடுக்குகளை நிலைநிறுத்தவேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இரண்டு விரற்கடைக்கு ஒரு வரியாகச் சாதாரண ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். கடைசியில் ஓரங்களை மடித்துத் தைத்து, முதலில் போட்ட பெரிய இழைகளை உருவிவிடுங்கள். குழந்தைக்குரியதானபடியால் பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வைக்கலாகாது.

2. காகிதக் கூழ்க் கூடை. இது பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. ஒரு கிலோ பழைய காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவையுங்கள்; தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வழவழப்பான அட்டைக் காகிதம் சரியாக ஊறாது, அதை நீக்கிவிடுங்கள். கால் கிலோ வெந்தயத்தை முந்திய இரவே ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்த காகிதத்தோடு சேர்த்து மைய அரைக்கவேண்டும். வெந்தயத்திலுள்ள பசைதான் கூழை இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு குடத்தையோ பேசினையோ கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை அரைவிரல் கனத்துக்கு ஒரே சீராக அப்புங்கள். குடமானால் வயிற்றுப் பாகத்துக்குக் கீழே இறங்கவேண்டாம். காய்ந்த பின் கழற்ற வராது. முதல் நாள் நிழலிலும், பின் மூன்று நாலு நாள் வெயிலிலும் காயட்டும். முதல் நாளே கடும் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்தபின் மெல்லக் கழற்றி, விளிம்பில் துணி ஒட்டி வண்ணம் பூசுங்கள்.

ஒரு முக்கிய விஷயம்: அச்சிட்ட தாளில் உணவைப் பொதிவது உடம்புக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் எச்சரித்திருக்கிறது. ஆகையால் இந்தக் கூடையில் பலகாரமோ எண்ணெய்ப் பண்டமோ வைக்கவேண்டாம். உரிக்காத வெங்காயம், பூண்டு, நூற்கண்டு, சாவி, கடிதம் முதலியவற்றுக்கு இது ஏற்றது.

3. டப்பாவும் பத்திரிகையும். பால்மாவு டப்பாவின் அடியில் ஆணியால் நாலைந்து துளை போட்டு, வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசினால் துளசிக்கோ ரோஜாப் பதியனுக்கோ நல்ல தொட்டியாகும். தேய்க்காமல் பூசிய வண்ணம் ஒரு மழைக்குள் உரிந்துவிடும். டப்பாவின் விளிம்பு கூராக இருந்தால் உட்புறமாக மடக்கித் தட்டிவிடுங்கள். பழைய கலியாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டை, மொய்க் கவருக்கும் புத்தக அடையாளத்துக்கும் பொருத்தமானது. சென்ற வருஷத்து வாழ்த்து அட்டைகளிலிருந்து படங்களைக் கத்தரித்து மைதாப் பசையால் ஒட்டும் வேலையைச் சிறு பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். கோணலாக ஒட்டினாலும் திருத்தாதீர்கள்; அந்தக் கோணலுக்காகவே தாத்தா அதைப் பத்து வருஷம் வைத்திருப்பார்.

எவற்றைத் தொடக்கூடாது

எல்லாப் பழைய சாமானும் மறுபிறவிக்கு ஏற்றதல்ல. பூச்சிமருந்து, அமிலம் முதலியவை இருந்த டப்பாக்களையும் புட்டிகளையும் எத்தனை முறை கழுவினாலும் வீட்டில் உபயோகிக்கலாகாது. கண்ணாடிப் புட்டியை வீட்டில் அறுக்கத் துணியவேண்டாம். முழுப் புட்டியாகவே கயிறு சுற்றிப் பூச்சாடியாக்கலாம். பழைய கதவு, நாற்காலி இவற்றின் வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டவேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய வண்ணத்தில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய வண்ணத்தைத் தேய்த்தே தீரவேண்டுமென்றால் ஈரமாக்கித் தேய்த்து, குழந்தைகளைத் தூர நிறுத்தி, அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சிக்கனத்தின் பெயரில் இரண்டு ஏமாற்று

முதல் ஏமாற்று: பத்து ரூபாய் பெறாத புட்டியை அலங்கரிக்க நானூறு ரூபாய்க்கு வண்ணமும் பசையும் மணியும் வாங்குவது. அது சிக்கனமல்ல, வேறு பெயரில் ஊதாரித்தனம். வீட்டிலிருப்பதைக்கொண்டு முக்கால் வேலையை முடிக்க முடியாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஏமாற்று: "என்றைக்காவது உதவும்" என்று எல்லாவற்றையும் பரணில் ஏற்றுவது. ஒரு பொருளை எடுக்கும்போதே, அது என்னவாகப் போகிறது, யாருக்குப் போகிறது என்று சொல்லத் தெரியவேண்டும். ஒரு வருஷமாகச் சொல்லத் தெரியவில்லையென்றால், பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டுவிடுவதே உத்தமம். அவரும் பிழைக்கிறார், இரும்பும் காகிதமும் மறுபடி உருக்கி அரைக்கப்பட்டு உபயோகத்துக்கு வருகின்றன.

கொடுக்கும் ஒழுங்கு

இனி இப்பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். கிழிசலைக் கழித்துவிட்டு அதற்குப் பரிசென்று பெயர் சூட்டுவது பெரும் தவறு. வாங்குகிறவர் ஏழையானால் அத்தவறு இரட்டிப்பாகிறது. ஏழைக்கு வேண்டியது நம் மிச்சமல்ல, மரியாதை. ஆகையால் ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: நம் வீட்டு முன்னறையில் வைக்கக் கூசும் பொருளை மற்றவர் வீட்டுக்கு அனுப்பலாகாது.

மேலும், எதிலிருந்து செய்தது என்பதை மறைக்காதீர்கள். "இது எங்கள் அம்மாவின் சேலை", "இது நீங்கள் அனுப்பிய கலியாணப் பத்திரிகைதான்" என்று சொல்லிக் கொடுத்தால் பொருளோடு உறவும் போய்ச் சேரும். பணமில்லாததால் இப்படிச் செய்தோம் என்று குன்றவும் வேண்டாம். கடைப் பரிசில் நம் பணம் இருக்கிறது. கைப் பரிசில் நம் மத்தியான வேளைகள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது எளிது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குடும்பத்தில் கலந்து பேச

1. நம் வீட்டில் யாருக்கும் உதவாமல் பூட்டிக் கிடக்கிற ஞாபகப் பொருள் எது? அதன் காரணமாக யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?

2. இந்த வருஷம் நம் பரிசை எதிர்பாராத, ஆனால் பெற்றால் மிகவும் மகிழக்கூடிய ஒருவர் யார்?

3. வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரிந்த கைவேலை என்ன? அதை அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டோமா?

இவ்வாரத்து வேலை: பரணிலிருந்து மூன்று பொருள்களை மட்டும் இறக்குங்கள். ஒன்றைச் செப்பனிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பரிசாக்க எடுத்துவையுங்கள். ஒன்றைத் தயக்கமின்றிக் கழித்துவிடுங்கள். விரிப்புத் தைக்கப் பல வாரம் செல்லும். கூடை காயவும் வெயில் வேண்டும். மழைக்காலம் வருமுன்னே தொடங்குகிறவர்களுக்கே திருநாளன்று கை நிறையப் பரிசு இருக்கும்.