காலையில் சிங்கப்பூர், மாலையில் ஜொகூர்

திருமயத்தில் பஸ் ஏறினால் திருச்சி ஏர்போர்ட் போகிற வழியிலேயே இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. எங்கள் வட்டாரத்து நகரத்தார் 1859-லேயே சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுப்பியவர்கள். கடல் தாண்டி வியாபாரம் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கண்டாங்கிச் சேலைக்கு ஆர்டர் பிடிக்க நான் போகும்போது, சிங்கப்பூர் வேலை முடிந்ததும் ஜொகூர் பாருவுக்கும் போய் வருவேன். நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர் பாலம்தான். ஆனாலும் அந்தப் பக்கம் இன்னொரு நாடு, மலேசியா. சிங்கப்பூர் விசாவில் 'மல்டிபிள்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே நுழைவு என்றால் பாலம் தாண்டிய பிறகு திரும்பி நுழைய முடியாது. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு முப்பது நாள் விசா விலக்கு இருக்கிறது. அது காலக்கெடு வைத்த சலுகை, ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைன் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இரண்டு நாட்டிலும் இது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பது இமெயிலில் இ-பாஸாக வரும். திரும்பி நுழைந்தால் புதிய பாஸ் வரும். அதில் உள்ள தேதிதான் கணக்கு.

பஸ்ஸில் போனால் பாஸ்போர்ட் சோதனைக்காகச் சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் ஒரு முறை, ஜொகூரில் ஒரு முறை இறங்க வேண்டும். பையைச் சீட்டில் விட்டுப் போகாதீர்கள். நீங்கள் வரிசையில் நிற்கும்போதே வந்த பஸ் கிளம்பிவிடும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அதே கம்பெனியின் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். வெள்ளி மாலை, ஞாயிறு மாலைகளில் பாலத்துப் பக்கமே போகாதீர்கள்.

அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: கடைக்காரரைப் பார்க்க வந்தேன், சாம்பிள் காட்டுவேன், சரக்கு பிறகு முறைப்படி வரும். கடைக்காரரின் அழைப்புக் கடிதத்தைத் தாளில் வைத்திருங்கள். பத்துச் சேலையை மடித்துக் கொண்டுபோய் 'எல்லாம் என் வீட்டாருக்கு' என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வியாபாரச் சரக்குக்குப் பயணிகளுக்கான வரிச்சலுகை கிடையாது, சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். திருப்பிக் கொண்டுவரப்போகும் விலை உயர்ந்த சாம்பிள் என்றால், கிளம்பும் முன் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பில் ஏடிஏ கார்னெட், அதாவது தற்காலிகமாக வரியில்லாமல் சரக்கைக் கொண்டுபோகும் ஆவணம், வாங்கிக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள்.