வயிறு கழிந்தால் உடம்பு இளைக்குமா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த பலருக்கு, முதல் பத்து நாளிலேயே வயிறு சரியில்லாமல் போய்விடுகிறது. சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வாயுவும் உப்புசமும், சிலருக்குப் பேதி. நமது மருத்துவ முகாம்களுக்கு வருபவர்கள், குறிப்பாகச் சகோதரிகள், இதை ஒரு கோளாறாகவே சொல்வதில்லை. "கழிவெல்லாம் வெளியே போகுது, மருந்து வேலை செய்யுது" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது, சிலருக்கு ஆபத்தானதும்கூட. ஆகவே இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

வாட்ஸ்அப் வழியாக வீடு தேடி வரும் 'ஸ்லிம் டீ', 'டீடாக்ஸ் பொடி' பொட்டலங்களைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பலவற்றில் சென்னா என்று இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இலைதான். சனா மக்கி என்று நம்மவர்கள் சொல்வதும் இதைத்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து, திருநெல்வேலியின் பெயராலேயே வெளிநாட்டுச் சந்தையில் அறியப்பட்ட சரக்கு இது. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. ஹதீஸில் சனா பற்றி வரும் இடத்திலும் பேச்சு வயிற்றை இளக்குவது பற்றியதுதான், உடம்பை இளைக்க வைப்பது பற்றியதல்ல. விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

சாப்பிட்ட சோறும் எண்ணெயும் இறைச்சியும் செரித்து உடம்பில் சேருவது சிறுகுடலில். சென்னா வேலை செய்வதோ அதற்கு அடுத்த பெருங்குடலில். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மாற்றிய பிறகே, 6 முதல் 12 மணி நேரம் கழித்து, குடலை முடுக்குகிறது. அதற்குள் பிரியாணியின் கொழுப்பு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கும். பேதியில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும். காலையில் எடை மெஷினில் ஒரு கிலோ குறைந்து காட்டலாம், ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும்.

தண்ணீரோடு பொட்டாசியமும் போய்விடுகிறது. கெண்டைக்கால் இழுப்பு, உடல் சோர்வு, நெஞ்சுப் படபடப்பு வரும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது விபரீதமாகிவிடலாம். மாதக்கணக்கில் பேதி டீ குடித்துப் பழகியவர்கள் நிறுத்தினால், மலம் கழியாமல் தவித்து மறுபடியும் அதையே தேடுகிறார்கள்.

டீயும் பொடியும் இல்லாமல், உணவை மட்டும் குறைத்தவர்களுக்கும் வயிறு கெடுவதுண்டு. சோற்றைப் பாதியாக்கினால் குடலுக்குள் போகும் அளவே குறைகிறது. அதோடு தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகத்தான் செய்யும். திங்கள், வியாழன் நோன்பு வைப்பவர்கள் மஃரிபிலிருந்து ஸஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து இதை ஈடுகட்ட வேண்டும். இதற்கு நேர்மாறானது வாயுத் தொல்லை. நேற்றுவரை பரோட்டா, இன்றுமுதல் மூன்று வேளையும் முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும் என்று மாறினால், அந்த நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்து வயிற்றை ஊதச் செய்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே நாளில் எட்ட வேண்டியதில்லை. முதல் வாரம் ஒரு கீரை, ஒரு கொய்யா, அடுத்த வாரம் ஒரு கிண்ணம் சுண்டல் என்று ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும். இசப்கோல் எடுப்பவர்கள் முழு டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்குப் பேதி வந்தால் புரோட்டீன் பவுடரைச் சந்தேகிக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதிலுள்ள லாக்டோஸும் ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை வியாதிக்கான மெட்பார்மின் மாத்திரையும் சிலருக்குப் பேதி உண்டாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் சாப்பிடும் முறையையோ மாத்திரையின் வகையையோ மாற்றித் தருவார்.

பித்தப்பைக் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத் தேதியைக் கணக்கு வைத்துப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வேகமாக எடை குறைந்தால், கல்லீரல் பித்தநீரில் அதிகக் கொழுப்பைச் சேர்க்கிறது. எண்ணெயே சேர்க்காத உணவாக இருந்தால் பித்தப்பை சரியாகச் சுருங்குவதுமில்லை. பித்தநீர் தேங்கிக் கல்லாகிறது. வலது விலாவுக்குக் கீழே வலி, அது தோள்பட்டைக்கு ஏறுதல், வாந்தி ஆகியவற்றை 'கேஸ்' என்று ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் அதிகம். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். உணவில் கொஞ்சம் எண்ணெய் இருக்கட்டும்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுத்த மலம், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்று வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்துகொண்டு போனாலும் அவரைப் பார்க்க வேண்டும். போகும்போது குடித்த டீயின் பொட்டலத்தையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் எதுவும் அச்சிடாத பொட்டலமாக இருந்தால், அதை அவசியம் காட்டுங்கள்.