விழா நாளும் வீடு திரும்பும் வழியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

சென்னை போன்ற பெருநகரில் ஒரு விழாவுக்குப் போவது எளிது; திரும்புவதுதான் அரிது. காணும் பொங்கலன்று மெரினாக் கடற்கரைக்குச் செல்வோர் காலை பத்து மணி முதலே சிறுகச் சிறுகப் போய்ச் சேர்கின்றனர். ஒரு குடும்பம் புளிச்சோறு கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கே புறப்படும். மற்றொன்று உண்டு உறங்கி நான்கு மணிக்குப் புறப்படும். இருட்டிய பின்னரோ எல்லோருக்கும் ஒரே நினைவுதான். போகும்போது எட்டு மணி நேரத்தில் பரவிய கூட்டம், திரும்பும்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் குவிந்துவிடுகிறது. விழாக்காலப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'வண்டிகள் போதவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அது பாதி உண்மைதான் என்பதை எளிய கணக்கால் விளக்க முயல்கிறேன்.

முதலில் வண்டிகளின் வரலாறு சிறிது. சென்னையில் 1895இல் டிராம் வண்டி ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோனது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் வந்தது. நாம் 'பறக்கும் ரயில்' என்று அழைக்கும் மேம்பால வழி 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் நீண்டது. மெட்ரோ ரயில் 2015இல் ஆலந்தூர்–கோயம்பேடு இடையே தொடங்கியது. இவற்றுள் மெரினாவுக்கு மிக அருகில் செல்வது பறக்கும் ரயிலே. மெட்ரோவில் வருவோர் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எண்கள் யாவும் நானே வைத்துக்கொண்டவை, முறைதான் முக்கியம். ஒரு லட்சம் பேர் இரண்டரை மணி நேரத்தில் வீடு திரும்ப விரும்புகின்றனர் என்க. மணிக்கு 40,000 பேர் ஆயிற்று. நான்கு பெட்டி மெட்ரோ வண்டியில் நெருக்கி நின்றால் ஏறத்தாழ 1,200 பேர் செல்லலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் இரு திசையிலும் மணிக்குப் பன்னிரண்டு வண்டிகள், 14,400 பேர். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒன்றில் எழுபது பேர் என்றால் 4,200 பேர். பறக்கும் ரயில் இருபது நிமிடத்துக்கு ஒன்று, ஒரு வண்டிக்கு 2,000 பேர், இரு திசையிலும் சேர்த்து 12,000 பேர். கூட்டினால் 30,600. ஆக, மணிக்கு 9,400 பேர் ஏற முடியாமல் நிற்பர். இரண்டரை மணி முடிவில் நிற்போர் 23,500 பேர். இதே ஒரு லட்சம் பேர் ஐந்து மணி நேரத்தில் பிரிந்து புறப்பட்டால் மணிக்கு 20,000 பேர்தான். அதே வண்டிகளில் இடம் மிஞ்சும்! வண்டிகள் காலியாகவே வருகின்றன என்று கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் அவை காலியாக வருவதில்லை. பொங்கல், தீபாவளி போன்ற விடுமுறை நாட்களில் புறநகர் மின்வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி, அதாவது வேலை நாளைவிடக் குறைவாக ஓடுவதும் வழக்கம்.

பேருந்தில் மற்றொரு சிக்கல் உண்டு. மணிக்கு ஆறு பேருந்துகள், சரியாகப் பத்து நிமிட இடைவெளியில் வந்தால் நாம் காத்திருக்கும் சராசரி நேரம் ஐந்து நிமிடம். அதே ஆறும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால் இடைவெளி இருபது நிமிடமாகி, காத்திருப்பு பத்து நிமிடமாகிறது. பேருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. காத்திருப்பு மட்டும் இருமடங்காகிவிட்டது. ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன? சிறிது தாமதமான வண்டிக்கு நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேர்கிறது. அவர்கள் ஏறுவதற்குள் அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வருவதற்கு ஆள் குறைவு. ஆதலால் அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. நடத்துநரைத் திட்டிப் பயனில்லை. பின்னால் வரும் வண்டியில் இடம் இருக்கும் என்று அறிந்தும் நம்மவர்கள் முதல் வண்டியிலேயே தொங்குவதுதான் எனக்கு விளங்காத ஒன்று.

இந்தக் கணக்கையெல்லாம் அறியாமலே இதற்கு விடை கண்டவர் என் தாயார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அவர் கையெழுத்துப் போட மட்டும் கற்றவர். மெரினாவில் வேகவைத்த வேர்க்கடலை விற்பவர். காணும் பொங்கல் அவருக்கு விடுமுறை அன்று. ஆண்டிலேயே பெரிய வியாபார நாள். இரவு எட்டு மணிக்குக் காலிக் கூடையும் பாத்திரமுமாக அவர் வடசென்னைக்குத் திரும்ப வேண்டும். கடைசி வண்டி தவறினால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய இலாபத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

அவர் வடக்கே போக வேண்டியவர். ஆனால் காந்தி சிலையிலிருந்து தெற்கும் மேற்குமாகத் திருமயிலை நிலையத்தை நோக்கி நடப்பார். கூடை தூக்க நானும் உடன் சென்றிருக்கிறேன். "கூட்டம் போற பக்கமே போனா நின்னுக்கிட்டேதான்டா இருக்கணும். வண்டி எங்கேர்ந்து வருதோ அங்கே போ" என்பார். வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொல்வதன் நுட்பம் புரியும். வடக்கே செல்லும் வண்டி வேளச்சேரியில் புறப்பட்டு, திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் என்ற வரிசையில் வருகிறது. கடற்கரைக் கூட்டம் ஏறுவது கடைசி மூன்று நிலையங்களில். சேப்பாக்கத்தில் நிற்பவருக்கு வருவது ஏற்கெனவே நிரம்பிய வண்டி. திருமயிலையில் ஏறுபவருக்கு உட்காரவே இடம் கிடைக்கும். வேளச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு இது தலைகீழ். அவர்கள் வடக்கே சேப்பாக்கத்துக்கோ, இன்னும் தள்ளிச் சிந்தாதிரிப்பேட்டைக்கோ நடப்பது நல்லது. அரை மணி நடை ஒரு மணி நேர நிற்றலை மிச்சப்படுத்தும். காலையிலேயே திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டால் சன்னலின் முன் நிற்கும் வரிசையும் இல்லை.

பேருந்தை நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டம் மிகும்போது காமராசர் சாலையில் வண்டிகளைத் திருப்பி விடுவது வழக்கம். கடற்கரை நிறுத்தத்தில் காத்திருப்பவர் அவ்வழியே வராத பேருந்துக்காகக் காத்திருப்பார். அண்ணா சாலைக்கோ இராயப்பேட்டைப் பக்கமோ நடந்துவிட வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. இதனால் தாயார் சாதாரணப் பேருந்துக்கென்றே காத்திருப்பதும், நான் முதலில் வரும் எதிலாவது ஏறலாம் என்று நச்சரிப்பதும் எங்களுக்குள் ஓயாத வழக்கு!

இவையெல்லாம் வசதியைப் பற்றியவை மட்டுமல்ல. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் நாம் நம் விருப்பப்படி அடியெடுத்து வைக்கலாம். ஆறேழு பேராகிவிட்டால் கூட்டம் நீர்மம்போல் அலைகிறது. தனி மனிதனின் வலிமை அங்கே செல்லாது. மும்பையில் 29-9-2017 அன்று, தசராவுக்கு முதல் நாள் காலை, எல்பின்ஸ்டன் சாலை நிலைய நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டமும் வந்திறங்கிய கூட்டமும் சேர்ந்து நெரிந்ததில் 23 பேர் மாண்டனர். நம் மெரினாவிலேயே 6-10-2024 ஞாயிறன்று விமானப் படையின் வான் சாகசக் காட்சி முடிந்து, நண்பகல் வெயிலில் பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் புறப்பட்டனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். வெயிலும் நீரிழப்பும் காரணங்களாகக் கூறப்பட்டன. பணி நடந்துகொண்டிருந்ததால் அந்நாளில் பறக்கும் ரயில் கடற்கரை நிலையம் வரை செல்லாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். முழு வழியும் திறந்தது அந்த மாத இறுதியில்தான்.

ஆகையால் கூட்டத்தை நடைமேடையில் ஏற்றிய பின் கட்டுப்படுத்துவதைவிட, நிலைய வாயிலுக்கு வெளியே, திறந்த வெளியில், தண்ணீர் வசதியோடு நிறுத்திப் பகுதி பகுதியாக விடுவதே முறை என்பது என் கருத்து. காணும் பொங்கலன்று குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவல் துறையினர் கட்டிவிடுகின்றனர், நல்ல ஏற்பாடு. எந்த நிலையத்தில் எவ்வளவு கூட்டம், எந்த நிலையத்துக்கு நடந்தால் இடம் கிடைக்கும் என்பதையும் கடற்கரை ஒலிபெருக்கியில் அடிக்கடி சொல்லலாம். இதற்குச் செலவும் அதிகமில்லை.

வரும் பொங்கலுக்கு நானும் வகுப்புத் தோழர் இருவரும் சேப்பாக்கம், கலங்கரை விளக்கம், திருமயிலை நிலையங்களில் ஆளுக்கொருவராக நின்று, மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு வண்டியிலும் ஏறுவோரையும் ஏற முடியாமல் நிற்போரையும் எண்ணிக் குறிக்க எண்ணியிருக்கிறோம். எட்டு மணிக்கு மேல் திருமயிலையில் எண்ணுபவன் நான். கூடையை வாங்கிக்கொள்ள வேண்டுமே!