இருவர் மிதிக்கும் சைக்கிள்

சைக்கிளில் டபுள்ஸ் போவது யாருக்கும் புதிதல்ல. ஒருவர் மிதிப்பார். இன்னொருவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருப்பார். சின்னப் பிள்ளை என்றால் முன்னால் பாரில் உட்காரும். மேடு வந்தால் கேரியரில் இருப்பவர் இறங்கி நடப்பார். மற்ற நேரமெல்லாம் அவர் சும்மாதான் இருப்பார்.

அவரும் சேர்ந்து மிதித்தால் எப்படி இருக்கும்?

அதற்கென்றே ஒரு சைக்கிள் இருக்கிறது. பார்ப்பதற்கு நீளமாக இருக்கும். சக்கரம் இரண்டுதான். ஆனால் சீட்டு இரண்டு. பெடல் இரண்டு ஜோடி. அதை டாண்டம் என்று சொல்வார்கள். இரட்டைச் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு நாடு. ஹாலந்து என்றும் அழைப்பார்கள். நம் கேரள மாநிலத்தை விடக் கொஞ்சம்தான் பெரியது. மக்கள்தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்களோ 2 கோடிக்கும் மேல்! ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மீதி இருக்கும். கோடை விடுமுறை வந்தால் அங்கே குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். கூடாரம், சமையல் பாத்திரம், மாற்றுத் துணி எல்லாம் சைக்கிளிலேயே ஏறிவிடும். ஒரு வாரம், பத்து நாள் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்புவார்கள்.

குழந்தைகளை வைத்துக்கொண்டா? ஆம், குழந்தைகளோடுதான்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, 11 வயதில் பெரிய பெண், 6 வயதில் பையன், 3 வயதில் கடைக்குட்டிப் பெண். கடைக்குட்டிக்குக் கவலை இல்லை. அம்மாவின் சைக்கிளில் குழந்தைச் சீட்டு இருக்கிறது. வார் போட்டுக் கட்டிவிடலாம். பெரியவளுக்குத் தனிச் சைக்கிள் உண்டு. நன்றாகவே ஓட்டுவாள். சிக்கல் 6 வயதுப் பையனிடம்தான். தூக்கி உட்கார வைத்தால் சும்மா இருக்கிற வயதைத் தாண்டிவிட்டான். தனியாகப் பெரியவர்களோடு போட்டி போடுகிற வயது இன்னும் வரவில்லை.

அவனுக்கும் ஒரு குட்டிச் சைக்கிள் இருக்கிறது. தெருவில் ஓட்டுவான். ஆனால் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டான். ஒரு நாளைக்கு 36 கிலோமீட்டர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். நாலரை மணி நேரம்! பாவம், முதல் ஒரு மணி நேரத்திலேயே கால் வலி வந்துவிடும். அவனுக்காக எல்லோரும் நிற்க வேண்டும். அதே பையன் அப்பாவோடு இரட்டைச் சைக்கிளில் ஏறினால் மணிக்கு 12 கிலோமீட்டர் போகலாம். இப்போது வகுத்துப் பாருங்கள். 3 மணி நேரம்தான்.

இரட்டைச் சைக்கிளின் உள்விவரம்

சாதாரணச் சைக்கிளில் ஒரு செயின் இருக்கும். இதில் இரண்டு. ஒரு செயின் முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கும். பெரும்பாலும் அது இடது பக்கம் இருக்கும். இன்னொரு செயின் வலது பக்கம். அது பின் சக்கரத்துக்குப் போகும். இப்படி இரண்டு பேரின் பலமும் ஒரே சக்கரத்தில் சேர்கிறது. அதனால் வேகமாக ஓட்டுபவரும் மெதுவாக ஓட்டுபவரும் பிரிந்து போகவே முடியாது. இதுதான் இந்தச் சைக்கிளின் பெரிய நன்மை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே ஆக வேண்டும். ஒருவர் நிறுத்தினால் இருவரும் நிறுத்த வேண்டும். எனவே பேசிக்கொண்டே ஓட்ட வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக் கிளம்ப வேண்டும். பள்ளம் வந்தால் முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும். பேசாமல் ஓட்டினால் சண்டைதான் வரும். சில வண்டிகளில் குழந்தையின் பெடலுக்குத் தனி ஃப்ரீவீல் வைத்திருப்பார்கள். அப்போது குழந்தை காலை நிறுத்தி ஓய்வெடுக்கலாம். அப்பா மட்டும் மிதிப்பார்.

குழந்தையின் கால் பெடலுக்கு எட்டுமா? நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். இரட்டைச் சைக்கிளில் பெடலே மேலே ஏறி வந்துவிடும். குழந்தையின் கால் எட்டும் உயரத்தில் இன்னொரு ஜோடிப் பெடலை ஃப்ரேமில் முடுக்கிவிடுவார்கள். அதைச் செயினால் கீழே இணைப்பார்கள். பிள்ளை வளர வளரச் சீட்டையும் பெடலையும் மாற்றி வைக்கலாம்.

6 வயதுப் பையன் எவ்வளவு மிதித்துவிடப் போகிறான்? சமதரையில் அது தெரியாதுதான். ஆனால் எதிர்க்காற்றில் அவன் மிதிப்பதை நிறுத்தினால் அப்பாவின் கால் உடனே கண்டுகொள்ளும். அவன் சுமை அல்ல, கூட்டாளி. அவனுக்கும் அது தெரியும். மாலையில் ஊர் போய்ச் சேர்ந்ததும், "நான் 36 கிலோமீட்டர் மிதித்தேன்" என்று அவன் சொல்வான். அதில் பொய் இல்லை.

இன்னொரு விஷயம். வழக்கமான இரட்டைச் சைக்கிளில் பெரியவர் முன்னால், சிறியவர் பின்னால். பின்னால் இருக்கும் பையனுக்கு நாள் முழுக்க அப்பாவின் முதுகுதான் காட்சி! போதாக்குறைக்கு அவன் தூங்கி விழுந்தாலும் அப்பாவுக்குத் தெரியாது. இதற்காக நெதர்லாந்தில் வேறு வகை வண்டி செய்கிறார்கள். குழந்தை முன் சீட்டில் உட்காரும். அப்பா பின் சீட்டில் இருந்தபடியே ஹேண்டிலைத் திருப்புவார். குழந்தை அவர் கண்ணெதிரே இருக்கும். குழந்தைக்குச் சாலை முழுவதும் தெரியும்.

முன்னால் இருக்கும் பையனுக்கு ஒரு வேலையும் கிடைக்கிறது. எண்களைப் படிக்கும் வேலை.

எண்ணைப் படித்தால் வழி தெரியும்

நெதர்லாந்தில் சைக்கிள் பாதைகள் பின்னலாக ஓடுகின்றன. கார் வராத தனிப் பாதைகளே 35,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு, மூன்று பாதைகள் சேரும் ஒவ்வொரு முக்கியமான சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். 1 முதல் 99 வரை. அங்கே ஒரு பலகையும் வரைபடமும் இருக்கும். எந்தப் பக்கம் போனால் எந்த எண் வரும் என்று அம்புக்குறி காட்டும். எடுத்துக்காட்டாக, காலையில் அம்மா வரைபடத்தைப் பார்த்து 34, 57, 12, 80 என்று ஒரு சீட்டில் எழுதுவார். சீட்டு ஹேண்டிலில் ஒட்டப்படும். பிறகு பையன் பார்த்துக்கொள்வான். "57 வந்துவிட்டது, அடுத்து 12, இடது பக்கம்!" ஊர்ப் பெயர் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அந்நாட்டு மொழி தெரிய வேண்டியதில்லை. எண் தெரிந்தால் போதும்.

இந்த முறை பக்கத்து நாடான பெல்ஜியத்தில் பிறந்தது. அங்கே லிம்பர்க் என்ற பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1992-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் என்பவர், வேலை இழந்த அந்தப் பகுதிக்கு வெளியூர் மக்களை வரவழைக்க வேண்டும் என்று நினைத்தார். சைக்கிள் பாதைகளுக்கு எண் கொடுக்கும் திட்டத்தை வகுத்தார். 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு நெதர்லாந்தும் அதை எடுத்துக்கொண்டது. இன்று அந்நாடு முழுவதும் எண்பலகைகள் இருக்கின்றன.

பயணத்தில் குழந்தை வைத்ததுதான் சட்டம். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது இறங்க வேண்டும். விளையாட வேண்டும், தின்ன வேண்டும். 36 கிலோமீட்டர் மிதிக்க 3 மணி நேரம் என்று கணக்குப் போட்டோம் அல்லவா? உண்மையில் முழு நாளும் ஆகிவிடும். வாய்க்காலைக் கடக்க ஓடம் இருக்கும். சில ஓடங்களுக்கு ஓடக்காரரே கிடையாது. குறுக்கே சங்கிலி கிடக்கும். கையால் சக்கரத்தைச் சுற்றினால் ஓடம் நகரும். குழந்தைகள் அக்கரை போய்விட்டு, இன்னொரு முறை இக்கரை வரலாமா என்று கேட்பார்கள். கிண்டர்டைக் என்ற ஊரில் 19 பழைய காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. தாழ்ந்த நிலத்தில் தேங்கும் நீரை இறைத்து வெளியேற்ற அமைத்தவை. அவற்றின் நடுவே சைக்கிள் பாதை போகிறது.

அது சமதரை நாடு. மலை கிடையாது. ஆனால் காற்று உண்டு. எதிர்க்காற்றில் மிதிப்பது மேட்டில் மிதிப்பது போலத்தான். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தெற்கில் தொடங்கி வடகிழக்காகப் போவார்கள். ஜூலை மாதத்திலும் மழை பெய்யும். மழைச் சட்டை இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. இரட்டைச் சைக்கிளில் இரண்டு பேரின் எடை இருப்பதால் டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். பிரேக்கும் நன்றாகப் பிடிக்க வேண்டும். விலைதான் அதிகம். அதற்கு வாடகைக் கடை இருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததா?

இல்லை. 1950-களிலும் 60-களிலும் நெதர்லாந்தில் கார்கள் பெருகின. காருக்காகச் சாலைகளை அகலப்படுத்தினார்கள். பல ஊர்களில் சைக்கிளுக்கு இடமே இல்லாமல் போனது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். சைக்கிளில் பள்ளிக்குப் போன 6 வயதுச் சிறுமி ஒருத்தியும் அதில் உண்டு. அவளுடைய அப்பா விக் லாங்கன்ஹோஃப் ஒரு பத்திரிகையாளர். 1972-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்பது அதன் பொருள். அதுவே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது.

தாய்மார்களும் தந்தைமார்களும் தெருவுக்கு வந்தார்கள். சாலையை மறித்து நடுவில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். குழந்தைகளை அங்கே விளையாட விட்டார்கள். சைக்கிள் ஊர்வலம் போனார்கள். 1973 நவம்பரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்ட அரசு தடை போட்டது. கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். பிறகுதான் அரசு அசைந்தது. 1970-களின் நடுவில் டில்பர்க், ஹேக் ஆகிய நகரங்களில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டுச் சோதித்தார்கள். மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவியது. வாகனங்கள் முன்னைவிடப் பல மடங்கு பெருகிய பின்பும், 2023-இல் சாலையில் இறந்தவர்கள் 684 பேர். அதுவும் சின்ன எண் இல்லை. அவர்களில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். அங்கே பெரும்பாலோர் ஹெல்மெட் போடுவதில்லை. இந்த ஒன்றில் அவர்களைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை.

சட்டமும் சைக்கிள் பக்கம் சாய்ந்திருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சைக்கிளில் போகும்போது கார் மோதினால், குழந்தையின் மேல் தவறு இருந்தாலும் நஷ்ட ஈடு முழுவதும் கார்க்காரர் பொறுப்புதான். குழந்தை வேண்டுமென்றே போய் விழுந்தால்தான் விலக்கு.

அதற்காகக் குழந்தைகளைச் சும்மா விடுவதுமில்லை. ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் சாலைத் தேர்வு உண்டு. 1932 முதலே நடக்கிறது. முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு. திரும்பும்போது கை காட்டுகிறார்களா, பின்னால் திரும்பிப் பார்க்கிறார்களா என்று வழியில் ஆட்கள் நின்று கவனிப்பார்கள். நம் குடும்பத்தின் 11 வயதுப் பெண் எழுத வேண்டிய தேர்வு அது. பையன் அதை எழுத இன்னும் நாலைந்து வருடம் ஆகும். அதற்கு முன்பே அவன் கால் நீண்டுவிடும், தனிச் சைக்கிள் கேட்பான். அன்று அப்பா ஸ்பேனரை எடுத்து, இரட்டைச் சைக்கிளின் முன் சீட்டைக் கடைக்குட்டிக்காகக் கீழே இறக்குவார்.